அமீனா எழுதிய காரணம்

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க இல்லாம இன்னைக்கு ஒண்ணும் நடக்காது. ஆனா கேட்டைத் திறந்ததும் முதல் கால் நீங்க வைக்க வேண்டாம்."

நரசிங்க ராவ் இதைச் சொல்லிவிட்டுத் தட்டிலிருந்த பெசரட்டுத் தோசையைப் பிட்டு இஞ்சித் துவையலில் தோய்த்தார். ராஜ்யலட்சுமி தோசைத் திருப்பியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். கல்லில் அடுத்த பெசரட்டு தீய்ந்துகொண்டிருந்தது. அவருக்காகத்தான் வார்த்தது.

"பின்ன யாரு வைக்கிறது?"

"எங்க வீட்டு சுகுணா வருவா. கலசம், மஞ்சள், குங்குமம் எல்லாம் எடுத்துக்கிட்டு. நானா சொல்லலக்கா. மெம்பருங்க பிரியப்படுறாங்க. இத்தனை வருஷம் கழிச்சுக் கிடைக்குது, மங்களமா ஆரம்பிக்கட்டுமேன்னு."

அவள் அடுப்பை அணைத்தாள். சரி என்றுகூடச் சொல்லவில்லை. சொல்லாததையே சரியென்று எடுத்துக்கொண்டு சங்கத் தலைவர் கை கழுவப் போனார்.

ஹைதராபாத்துக்கு வெளியே அந்த நாலு ஏக்கரை அச்சகத் தொழிலாளர்கள் அறுபத்திரண்டு பேர் சங்கம் சேர்ந்து வாங்கியது எண்பத்தேழில். விற்ற புண்ணியவான் அதே நிலத்தை மறுபடியும் ஒரு வங்கியில் அடமானம் வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். வங்கி ஏலம் விட்டது. ஏலத்தில் எடுத்த கட்டட முதலாளி சுற்றுச்சுவர் எழுப்பி, இரும்புக் கேட்டில் பூட்டைத் தொங்கவிட்டு, கோர்ட்டில் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். பார்த்துக்கொண்டே இருந்தார்கள், இருபத்தோரு வருஷம். அறுபத்திரண்டு பேரில் இருபத்தேழு பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். செயலாளராக இருந்த அவள் கணவன் சேஷகிரி அதில் ஒருவன்.

அவன் போன வருஷம், சங்கக் கூட்டத்தில் செயலாளர் பதவிக்கு ஒருத்தரும் கை தூக்கவில்லை. ஒருவருக்கு முட்டிவலி, ஒருவருக்கு மகன் அமெரிக்காவில். எல்லாரும் சேர்ந்து வழக்குக் கட்டைத் தூக்கி அவள் மடியில் வைத்தார்கள். பதினோரு வருஷமாக அவள்தான் பஸ் ஏறிப் போய் வக்கீல் அறை வாசலில் காத்துக் கிடந்தாள், கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னாள். அன்றைக்கு அவள் விதவை என்பது யார் கண்ணையும் உறுத்தவில்லை. கோர்ட்டுப் படி ஏற அந்தக் கால் ஆகும், ஜெயித்த நிலத்தை மிதிக்கத்தான் ஆகாது போலிருக்கிறது.

அன்று வெள்ளிக்கிழமை. பத்தரை மணிக்கெல்லாம் கோர்ட்டு அமீனா கவுசுத்தீன் பூட்டுடைக்கும் ஆளோடும் தண்டோரா அடிப்பவனோடும் கேட்டு முன்னால் வந்து நின்றார். வெயிலில் இருபது கிழவர்கள் குடை பிடித்துக் காத்திருந்தார்கள். அமீனா உத்தரவைப் படித்தார். நிலம் சங்கச் செயலாளர் வசம் ஒப்படைக்கப்பட வேண்டும்.

"பத்து நிமிஷ வேலைம்மா. பூட்டை உடைக்கிறோம், நீங்க உள்ள போறீங்க, தண்டோரா போடுறோம், கையெழுத்து. நானும் ஜும்மா தொழுகைக்குப் போயிடுவேன்."

பூட்டு இரண்டே அடியில் விழுந்தது. கேட்டு கிரீச்சிட்டுத் திறந்தது. உள்ளே இடுப்பளவு புல். அவளுக்கும் கணவனுக்கும் ஒதுக்கியது பதினேழாம் எண் மனை. சேஷகிரி வரைபடத்தில் அதைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டு, சமையலறை கிழக்கே இருக்கட்டும் என்று சொல்லி வைத்திருந்தான். அவள் தன்னை அறியாமல் ஒரு காலை எடுத்து வைத்தாள்.

"அக்கா," என்றார் நரசிங்க ராவ்.

அவள் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். அதற்காகப் பிறகு தன்னை அவள் மன்னிக்கவே இல்லை.

தலைவர் அமீனாவிடம் பக்குவமாகச் சொன்னார். பன்னிரண்டு மணி வரை ராகுகாலம், அது கழிந்துதான் தன் மனைவி வீட்டைவிட்டுக் கிளம்புவாள், அவள் வந்து முதலில் நுழையட்டும், அதன்பின் செயலாளர். செயலாளர் ஏன் இப்போதே போகக்கூடாது என்று அமீனா கேட்டார். அவர் ராஜ்யலட்சுமியின் வெறும் நெற்றியைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். திறந்த கேட்டுக்கு வெளியே எல்லாரும் உட்கார்ந்தார்கள். ஒருவர் டீ வாங்கி வந்தார்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஒரு வெள்ளைக் கார் வந்தது. கட்டட முதலாளியின் வக்கீல் இறங்கி, காலையில் உயர் நீதிமன்றத்தில் வாங்கிய உத்தரவை நீட்டினார். மேல்முறையீடு முடியும் வரை நிலம் இன்று யார் வசம் இருக்கிறதோ அவர் வசமே இருக்க வேண்டும்.

அமீனா இரண்டு முறை படித்தார். "ஒப்படைச்சிருந்தா உங்க வசம். இன்னும் ஒப்படைக்கலையே."

கட்டட முதலாளியின் ஆள் காரிலிருந்து புதுப் பூட்டு ஒன்றை எடுத்து வந்து மாட்டினான். கிழவர்களில் ஒருவர் குடையைக் கீழே போட்டுவிட்டு மண்ணில் உட்கார்ந்து அழுதார். ஒன்பதாம் எண் மனைக்காரர், எண்பத்து நாலு வயசு. இனி ஒரு தீர்ப்பைப் பார்க்க அவருக்குக் காலம் இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். கூட்டத்தில் யாரோ முணுமுணுத்தது ராஜ்யலட்சுமியின் காதில் தெளிவாகவே விழுந்தது.

"அவசரப்பட்டு காலை வச்சாங்கல்ல. அப்பவே நினைச்சேன்."

நரசிங்க ராவ் அதை மறுக்கவில்லை.

பன்னிரண்டே கால். சுகுணா பட்டுப்புடவையில் கலசத்தோடு ஆட்டோவிலிருந்து இறங்கினாள். "நல்ல நேரத்துக்கு வந்துட்டேன்ல?" என்று சிரித்தவள், முகங்களைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பன்னிரண்டு வரை கிளம்பாதே என்றார்கள், கிளம்பவில்லை.

அமீனா வாரண்டின் பின்பக்கத்தில் அறிக்கை எழுத உட்கார்ந்தார். எத்தனை மணிக்கு வந்தார், பூட்டு எத்தனை மணிக்கு உடைந்தது, ஏன் ஒப்படைக்க முடியவில்லை, எல்லாம் எழுதி, சாட்சிகள் முன் படித்து, செயலாளர் கையெழுத்து வாங்க வேண்டும்.

"பூட்டுடைக்க ஆள் வர லேட்டாச்சுன்னு எழுதிடுங்க சார்," என்றார் நரசிங்க ராவ்.

"உள்ளதை எழுதுங்க," என்றாள் ராஜ்யலட்சுமி.

"அக்கா, இது உயர் நீதிமன்றத்துக்குப் போகும். எல்லார் முன்னாடியும் படிப்பாங்க. சங்கத்துக்கே அவமானம்."

"படிக்கட்டும். நான் சொல்றேன், எழுதிக்குங்க சார்."

அவள் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். முடித்ததும் விதிப்படி எழுந்து நின்று, கூடியிருந்தவர்கள் காதில் விழும்படி உரக்கப் படித்தார்.

"காலை பத்து நாற்பதுக்குக் கேட்டு திறக்கப்பட்டது. பதினொன்று ஐம்பது வரை எதிர்த்தரப்பார் யாரும் வரவில்லை, யாரும் தடுக்கவில்லை. நிலத்தைப் பெற வேண்டிய செயலாளர் கேட்டருகிலேயே இருந்தார். அவர் விதவை என்பதால் அவருடைய சங்கத்தாரே அவரை உள்ளே போக விடவில்லை."

ஒருவரும் நிமிரவில்லை. சுகுணா மட்டும் கலசத்தைக் கீழே வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். ராஜ்யலட்சுமி பேனாவை வாங்கி, தன் பெயரை முழுசாக எழுதி, கீழே செயலாளர் என்று போட்டாள். பிறகு அந்தத் தாளை நரசிங்க ராவிடம் நீட்டினாள்.

"சாட்சிக் கையெழுத்து நீங்க போடுங்க. நீங்கதான பார்த்தீங்க."