டோசரைத் தூக்கிய நால்வர்

பன்றி இறைச்சித் துண்டு ஒன்றைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு, தேவாலயத்தின் பின்கதவை மார்லிஸ் முழங்கையால் தள்ளினாள். அவள் கணவன் ஆர்டனை அடக்கம் செய்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கீழ்த்தளக் கூடத்தில் ஊரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. மேப்பிள் மரத்தில் கட்டியிருந்த அவனுடைய நாய்க்குத்தான் அந்தத் துண்டு.

டோசர் வாலாட்டவில்லை. கழுத்தை நீட்டி வாந்தியெடுக்கப் பார்த்தது. நுரைத்த எச்சிலைத் தவிர ஒன்றும் வரவில்லை. மறுபடி முயன்றது. மார்லிஸ் கறுப்புப் பாவாடையோடு மண்டியிட்டு அதன் விலாவுக்குப் பின்னால் கை வைத்தாள். வயிறு காற்றடித்ததுபோல் விறைத்திருந்தது. இதற்கு முன் வளர்த்த நாய் இப்படித்தான் செத்தது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று அன்று இருவருமே சொல்லியிருந்தார்கள்.

அவள் கூடத்துக்குப் போய், சவப்பெட்டி தூக்கிய ஆறு பேரில் நால்வரை எழுப்பினாள். அவர்கள் வாய் துடைத்துக்கொண்டு வந்தார்கள். ஒரு மேசை விரிப்பைக் கீழே போட்டு, அறுபது கிலோ நாயை அதில் கிடத்தி, காலையில் ஆர்டனைத் தூக்கியபோது நடந்த அதே நடையில் வண்டிவரை கொண்டுபோனார்கள். யாரும் சிரிக்கவில்லை.

ஆர்டனின் தங்கை யோர்டிஸ் காப்பிக் கெண்டியோடு பின்னாலேயே வந்துவிட்டாள்.

"இத்தன பேரு உனக்காக வந்து உக்காந்திருக்காங்க, மார்லிஸ். பாதியில நீ போனா நான் என்ன சொல்லுவேன்?"

"ஆர்டனுக்கு இனிமே அவசரம் இல்ல. இவனுக்கு இருக்கு. அப்படியே சொல்லு."

டுலூத் நகரத்துக்கு நாற்பத்தைந்து மைல். இருபத்தாறு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். பனியிலேயே நிதானம் தவறாத கை. ஓட்டியபடியே அங்கிருந்த விலங்குகளுக்கான அவசர மருத்துவமனைக்குப் பேசினாள். வயது ஒன்பது, எடை, எப்போதிலிருந்து என்று வரிசையாகச் சொன்னாள். தண்ணீர்கூடக் கொடுக்க வேண்டாம், தெரிந்த மாத்திரை எதையும் போட வேண்டாம், வாசலில் காத்திருப்போம் என்றார்கள். சொன்னபடியே தள்ளுபடுக்கையோடு இரண்டு பேர் நின்றிருந்தார்கள். பெயர்கூடக் கேட்காமல் உள்ளே கொண்டுபோனார்கள்.

மூக்கெல்லாம் முள்ளம்பன்றி முள்ளோடு ஒரு வேட்டை நாயைப் பிடித்துக்கொண்டிருந்தவர், இரண்டு மணி நேரமாகத் தான் காத்திருப்பதாக முனகினார். இங்கே முந்தி வந்தவர் கணக்கில்லை, மூச்சு யாருக்கு முந்தி நின்றுவிடுமோ அவருக்குத்தான் முதலிடம் என்று நர்ஸ் அவரிடம் பொறுமையாகச் சொன்னாள். பிறகு மார்லிஸிடம் ஒரு தாளை நீட்டினாள்.

"எல்லார்கிட்டயும் கேக்குறதுதான். ஒருவேள இதயம் நின்னுட்டா, திரும்ப ஓட வைக்கப் பாக்கணுமா, வேண்டாமா?"

திங்கட்கிழமை இன்னொரு மருத்துவமனையில் இதே கேள்வியை அவளிடம் கேட்டிருந்தார்கள். வேண்டாம் என்று ஆர்டன் முன்பே எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தான். அவள் அதை வாய்விட்டுச் சொன்னாள், அவ்வளவுதான். சொன்னதிலிருந்து அவளுக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

பேனாவை வாங்கினாள். "ஓட வைக்கப் பாருங்க," என்றாள்.

டாக்டர் ஷியோங் சின்ன வயதுக்காரி, வேகமாகப் பேசினாள். இரைப்பை காற்றால் வீங்கி முறுக்கிக்கொண்டிருக்கிறது, ஊசி குத்திக் காற்றைக் கொஞ்சம் இறக்கியாயிற்று, உடனே வயிற்றைத் திறந்து முறுக்கை எடுத்து, மறுபடி திரும்பாதபடி வயிற்றுச் சுவரோடு சேர்த்துத் தைக்க வேண்டும்.

"பொழைப்பானா?"

"பொழைக்கத்தான் வாய்ப்பு அதிகம். சீக்கிரம் கொண்டு வந்துட்டீங்க."

கதவு மூடியது. மார்லிஸ் உட்கார்ந்தாள். எதிரே ஓர் இளம்பெண், கிழட்டுப் பூனை ஒன்று அசையாமல் படுத்திருந்த கூண்டின் கம்பிக்குள் விரலை விட்டு எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அவள் பெயரைக் கூப்பிட்டதும் கூண்டோடு எழுந்து உள்ளே போனாள்.

மூன்று மணிக்கு யோர்டிஸ் வந்தாள். இரண்டு கையிலும் மூடிய அலுமினியத் தட்டுகள். கூட்டம் கலைந்துவிட்டதாம். பாஸ்டர் நாய்க்காகவும் ஒரு வார்த்தை ஜெபித்தாராம். "அண்ணன் இருந்திருந்தா உனக்கு முந்தி வண்டியில ஏறியிருப்பான்," என்று சொல்லிவிட்டுத் தட்டுகளைத் திறந்தாள். உருளைக்கிழங்கு வேக வைத்தது, பன்றி இறைச்சி, எலுமிச்சைக் கேக். முள்ளம்பன்றிக்காரரும் ஒரு தட்டு வாங்கிக்கொண்டார். என்ன விசேஷம் என்று கேட்டார். மார்லிஸ் சொன்னாள். அவர் தொப்பியைக் கழற்றினார்.

நான்கு மணிக்கு டாக்டர் ஷியோங் வெளியே வந்தாள். முறுக்கு எடுத்தாயிற்று, இரைப்பை கருகவில்லை, டோசர் கண் விழித்துவிட்டது. இரண்டு நாள் இங்கேயே இருக்க வேண்டும். மார்லிஸ் தலையசைத்தாள். பிறகுதான் தனக்கும் ஒரு தட்டில் போட்டுக்கொண்டாள். இறங்கியது.

பக்கவாட்டுக் கதவு வழியாக அந்த இளம்பெண் வந்தாள். கூண்டு லேசாக ஆடியது. உள்ளே பூனை இல்லை, விரித்த துண்டு மட்டும் இருந்தது. எந்தப் பக்கம் போவது என்று தெரியாதவள்போல் நடுவில் நின்றாள். மார்லிஸ் நகர்ந்து தன் பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டினாள். அவள் வந்து உட்கார்ந்தாள். யோர்டிஸ் தட்டை நீட்டியபோது வாங்க அவளுக்குக் கை காலியாக இல்லை. மார்லிஸ் கூண்டை வாங்கினாள். அந்தப் பெண் மெதுவாகச் சாப்பிட்டு முடிக்கும்வரை அதைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.