பொழுது சாய்வதற்குள் ஒரு தட்டு நெய்யப்பம்

எதிர்வீட்டு நர்சம்மா என்ன குழம்பு வைத்தாள், எத்தனை புடவை வைத்திருக்கிறாள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. பெயர் எஸ்தர் என்றதும் வேதக்காரி என்று தெருவுக்குச் சொன்னது நான்தான். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகாமல் துணி துவைக்கிறாளே என்று பச்சையம்மாள் கேட்டபோது, ஆஸ்பத்திரி வேலை அப்படி என்று பதில் சொன்னதும் நானே. வெள்ளிக்கிழமை சாயங்காலம் இரண்டு விளக்கு ஏற்றுவாள். அதை அம்மன் கணக்கில் சேர்த்தேன். இரண்டு மதம் கொடுத்தேனே தவிர, உன் மதம் எது என்று கேட்கத் தோன்றவில்லை.

எழுபத்திரண்டு மாசியில், கொச்சியிலிருந்து அவள் அழைத்து வந்திருந்த அப்பா எலியாஸ் இறந்துபோனார். அன்று அவளுக்கு ஏதோ விரதம். பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்கப் போனாள். துணைக்கு என்று சொல்லிக்கொண்டு நானும் ஒட்டிக்கொண்டேன். அங்கிருந்த பெரியவர் நல்ல மனுஷர்தான். நம் சபைக்காரர் என்று ஒரு வரி எழுதித் தலைமாட்டில் சிலுவை நட்டுவிடலாம் என்றார். அப்போதுதான், நாங்கள் யூதர்கள் என்று வாயைத் திறந்தாள். எனக்குத் தெரியாத சேதி ஒன்று எதிர்வீட்டிலேயே குடியிருந்திருக்கிறது!

"எழுதிட்டுப் போயேன் நர்சம்மா. செத்தவருக்கு இன்னா தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியுமே அக்கா. அப்பாவை வேற ஆளா மண்ணுல வைக்க மாட்டேன்."

அவள் பிரசவம் பார்த்துக் காப்பாற்றிய பெண்ணின் புருஷன் வேடியப்பன், கல்வராயன் மலையடிவாரத்தில் தன் சாமைக்காட்டு மூலையைக் கொடுத்தார். அன்றே அடக்கம் முடிந்தது.

மறுநாள் அந்த வீட்டில் எண்ணெய்ச் சட்டி காய்கிற வாசனை. ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். அழுதுகொண்டே நெய்யப்பம் சுடுகிறாள். பக்கத்தில் தேங்காய் உருண்டை. சாவு வீட்டில் பலகாரமா என்று கேட்டதற்கு ஒரு கதை சொன்னாள்.

இவள் பெயருடைய ராணி ஒருத்தி, பிறப்பை மறைத்து அந்நிய அரண்மனையில் இருந்தாளாம். தன் ஜனத்தையே வெட்டச் சொல்லி ஆணை வந்தபோது, விரதமிருந்து ராஜாவிடம் போய், நானும் அவர்களில் ஒருத்தி என்றாளாம். அவர்கள் பிழைத்த நாள்தானாம் அன்று. வீட்டில் சாவே விழுந்தாலும் அன்றைக்கு இரண்டு பலகாரமாவது ஒருவருக்குக் கொடுத்தாக வேண்டுமாம்.

கொடுக்கலாம். வாங்க வேண்டுமே? பதினாறு நாள் தீட்டு வீட்டில் எங்கள் தெருவில் யார் கை நனைப்பார்கள்? நாலு வீடு ஏறினாள். பச்சையம்மாள் கதவையே திறக்கவில்லை. கடைசியாக என் வாசலுக்கு வந்தாள்.

"பொழுது சாயறதுக்குள்ள ஒருத்தராவது வாங்கணும் அக்கா."

என் மருமகளுக்கு அப்போது ஏழு மாதம். முகத்துக்கு நேரே மறுக்க முடியாமல் வாங்கிக்கொண்டேன். நேரே கொல்லைக்குப் போய் மாட்டுத் தொட்டியில் கொட்டினேன். தட்டை வெறுமனே தரக்கூடாதே என்று சர்க்கரை அள்ள உள்ளே போய் வந்தால், தட்டை வாங்கப் பின்னாலேயே வந்து தொட்டி ஓரமாக நிற்கிறாள். மாடு தேங்காய் உருண்டையை மென்றுகொண்டிருந்தது.

தீட்டு, பிள்ளைத்தாச்சி என்று ஏதேதோ உளறினேன்.

"வாங்கினீங்க இல்ல அக்கா, அது போதும்" என்றாள். தட்டை முந்தானையால் துடைத்து எடுத்துக்கொண்டு போனாள். சர்க்கரை என் கையிலேயே இருந்தது.

கதவைச் சாத்திக்கொண்டு அவள் அழுதது என் வீடு வரைக்கும் கேட்டது. மாதம் முடிவதற்குள் மாற்றல் வாங்கிப் போய்விட்டாள். எந்த பஸ், எத்தனை பெட்டி, எல்லாம் சொல்வேன். அந்த நெய்யப்பம் எப்படி இருந்தது என்று கேட்டால்தான் எனக்குத் தெரியாது.