சாமிகிட்ட வெச்ச ஜெல்

எங்க கைடு சூர்யநாராயணன் சாருக்குப் படிப்பு ஏகப்பட்டது. மனசாட்சிதான் கெடையாது. யார் வேணா போய்ச் சொல்லிக்கோங்க, எனக்கொண்ணும் பயமில்ல.

ஊரப்பாக்கத்துல ஒரு காலேஜ் லேப்ல நான் ஹைட்ரோஜெல்லுல பிஎச்டி பண்றேன். பேரு ஜஹீரா. ஹைட்ரோஜெல்னா கொழகொழன்னு இருக்கும், முக்காவாசி தண்ணிதான். அதுல கார்பன் நானோகுழாய்னு ஒரு கறுப்புத் தூளைக் கலந்தா, இழுத்தாலும் மடக்கினாலும் கரண்ட் பாயும். சொல்றது ஈஸி. அந்தச் சனியன் லேசுல கலக்காது, கட்டி கட்டியா நிக்கும். வருஷக்கணக்கா மல்லுக்கட்டி ஒரு ஜெல் பட்டை தேத்தினேன். பூஜை லீவு முடிஞ்சதும் ஒரு கம்பெனியிலேர்ந்து பாக்க வராங்க. பட்டையில ஒயர் மாட்டி இழுக்கறப்போ பல்பு எரிஞ்சா, செஞ்சவங்களுக்கு அங்க வேலை. ஒரே ஒரு வேலை.

ஆயுத பூஜை அன்னைக்கு மெஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம் வெச்சாங்க. வெச்சுக்கட்டும். சார் என் ஜெல்லையும் தண்ணியிலேர்ந்து எடுத்துத் தட்டுல வெச்சுட்டார்.

"சார், காஞ்சிடும் சார்."

"சாமிகிட்ட வெச்சதை நடுவுல எடுக்கக் கூடாதும்மா. உனக்கு இதெல்லாம் தெரியாது."

தெரியாதாம்! அவர் பொரி வாங்கப் போன கேப்ல பாதியை வெட்டி, என் டிபன் பாக்ஸ்ல தண்ணி ஊத்திப் போட்டேன். லீவு கூட்டத்துல ட்ரெயின்ல நசுங்கிடுமேன்னு, ஹாஸ்டல்ல இருக்கற ஜூனியர் மோகன்ராஜ்கிட்ட குடுத்தேன். தம்பி மாதிரி நெனச்சேன்.

லீவு முடிஞ்சு பாத்தா, தட்டுல இருந்தது வடாமாட்டம் சுருண்டு கெடக்கு. ஊறவெச்சும் பல்பு எரியல. வந்தவங்க முன்னாடியே சார் சொன்னார்: "இவ ஒழுங்கா கலக்கல. படிச்சுப் படிச்சு சொன்னேன்."

"மோகன், அதைக் கொண்டாடா"ன்னேன். கொண்டாந்தான். இழுக்க இழுக்க பல்பு எரிஞ்சுது. எல்லாரும் கை தட்டினாங்க.

"யார் செஞ்சது?"ன்னு கேட்டாங்க கம்பெனி மேடம்.

"மோகன்ராஜ்"னார் சார், கூசாம.

யா அல்லா! மோகனைப் பாத்தேன். அவன் ஷூவைப் பாத்துகினு "தேங்க்யூ சார்"ங்கறான்.

"மேடம், அந்த மூடியைப் பாருங்க, என் பேரு வெட்டியிருக்கு!"

"டப்பா இரவல் வாங்கியிருப்பான்"னார் சார். மேடம்கூட சிரிச்சாங்க.

சாயந்திரம் ஸ்டேஷன்ல மோகன் வந்து, கழுவித் தொடச்ச டிபன் பாக்ஸை நீட்டினான். வாய்ல வந்தபடியெல்லாம் திட்டினேன். ப்ளாட்பாரமே திரும்பிப் பாத்துது. தலையைக் குனிஞ்சு முழுசா கேட்டுக்கினான்.

அப்புறம் மெதுவா, "அக்கா, தூள் கட்டி தட்டாம எப்படிக் கலக்கினீங்க? திங்கக்கெழமை கம்பெனியில கேப்பாங்க"ன்னான்.