பட்டியலில் இல்லாத எண்

செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு வெண்டல் ஸ்ட்ரவுட் காப்பிக் குவளையோடு வேலைக்குக் கிளம்பினார். வீட்டு முன்னால் நின்ற டிரக்கின் கதவு வழக்கம்போல் பூட்டப்படாமல்தான் இருந்தது. திறந்ததும், இருக்கைக்கு எதிரே உள்ள சிறு பெட்டி வாயைப் பிளந்து தொங்குவது தெரிந்தது. இன்ஷூரன்ஸ் காகிதங்கள் கால் வைக்கும் இடத்தில் சிதறிக் கிடந்தன. கறுப்புக் கண்ணாடி இருந்தது. டார்ச் இருந்தது. கைத்துப்பாக்கி இல்லை.

இருக்கைக்கு அடியில் கைவிட்டுத் துழாவினார். பின்னால் குவிந்திருந்த ஏசி குழாய்களைப் புரட்டிப் பார்த்தார். அவர் முழங்காலிட்டுத் தேடுவதைப் பார்த்து மனைவி டார்லா வாசலுக்கு வந்தாள்.

"என்ன காணோம்?"

"துப்பாக்கி."

"குண்டு போட்டிருந்ததா?"

"குண்டு போடாத துப்பாக்கியை வெச்சு என்ன பண்றது?"

"சரி, போலீசுக்குச் சொல்லு. நம்பர் எழுதி வெச்சிருக்கேல்ல?"

வெண்டல் சிதறிய காகிதங்களைப் பொறுக்கிப் பெட்டிக்குள் திணித்தார். அடுத்த வாரம் வியாழக்கிழமை அவர் மாநிலத் தலைநகர் நாஷ்வில்லுக்குப் போக வேண்டியிருந்தது. டென்னசி சட்டமன்றக் குழுவின் முன் ஒரு மசோதா விசாரணைக்கு வருகிறது. வண்டியில் துப்பாக்கியை விட்டுப் போகிறவர் அதைப் பூட்டுப் பெட்டியில் வைக்க வேண்டும். திருடுபோனால் இரண்டு நாளுக்குள் புகார் கொடுக்க வேண்டும் என்கிறது அந்த மசோதா. அதை எதிர்த்துப் பேச அந்த வட்டாரத்துத் துப்பாக்கி உரிமையாளர் சங்கம் தேர்ந்தெடுத்திருந்த ஆள் வெண்டல். அவர் எழுதி வைத்திருந்த பேச்சின் முதல் வரியே, 'ஒழுங்கான மனிதர்கள் தங்கள் துப்பாக்கியை எப்படி வைத்துக்கொள்வது என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை' என்பதுதான்.

சங்கச் செயலாளர் ராய்ஸ் டாக்கெட்டைப் போனில் கூப்பிட்டார். விஷயத்தைக் கேட்டதும் ராய்ஸ் சிரித்துவிட்டான்.

"ஏம்பா, வேற வாரமே கிடைக்கலையா உனக்கு?"

"புகார் குடுக்கலாம்னு பாக்கறேன்."

"குடுத்தா நாளைக்கே பேப்பர்ல வரும். எதிர்த்துப் பேசறவன் வண்டியிலயே திருட்டுன்னு. நம்ம மானம் போகும். ஒன்பது நாள்தானே, வாயத் தொறக்காத. புகார் குடுத்தே ஆகணும்னு இன்னும் சட்டம் வரலையே."

அதில் தப்பு ஒன்றும் இருப்பதாக வெண்டலுக்குப் படவில்லை. இரண்டு நாள் மனசு குறுகுறுத்தது. மூன்றாம் நாள் அதுவும் அடங்கிவிட்டது.

சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, நெடுஞ்சாலை ஓரத்துச் சிற்றுண்டிக் கடையில் ஒருவன் புகுந்து கல்லாவைக் காலி செய்தான். போகும்போது கல்லாவில் நின்றவளைத் தோளில் சுட்டான். அவள் நேடின் போட்டீட். பதினாறு வருஷமாக வெண்டலுக்குக் காலையில் முட்டையும் ரொட்டியும் கொண்டுவந்து வைப்பவள். ஓட்டுநரானாலும் நீதிபதியானாலும் எல்லோரையும் 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவாள். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் வலது கை இனிப் பழையபடி தூக்க வராது என்று டாக்டர்கள் சொன்னார்கள்.

திங்கட்கிழமை ஷெரிப் அலுவலகத்துப் போலீஸ் அதிகாரி ஹோபர்ட் லைல் வீட்டுக்கு வந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"சுட்டவனைப் புடிச்சிட்டோம், மிஸ்டர் ஸ்ட்ரவுட். துப்பாக்கி பள்ளத்துல கெடந்தது. துப்பாக்கி வித்த கடைக் கணக்குல அது உங்க பேர்ல இருக்கு."

சமையலறை வாசலில் டார்லா நின்றுகொண்டிருந்தாள்.

"திருடு போயிருக்கணும்," என்றார் வெண்டல்.

"எப்ப? இப்பதான் கவனிக்கிறீங்களா?"

அதிகாரி கேள்வியோடு பதிலையும் எடுத்துக் கொடுத்துவிட்டார். வெண்டல் அதை அப்படியே வாங்கிக்கொண்டார். "ஆமா. இப்பதான்."

டார்லா திரும்பி உள்ளே போனாள்.

லைல் எழுதிக்கொண்டார். எழுந்து போகிறவர் போல இருந்து மறுபடி உட்கார்ந்தார். "மனசுக்குள்ளயே கெடக்குது, சொல்லிடறேன். அந்தப் பையனை போன வியாழக்கிழமை ரோட்டுல நானே நிறுத்தினேன். வண்டியோட பின் லைட்டு எரியல. துப்பாக்கி பக்கத்து சீட்டுல இருந்துச்சு, அது இங்க குத்தமில்ல. பேர்ல எந்தக் கேஸும் இல்ல. சந்தேகத்துக்குத் துப்பாக்கி நம்பரை கம்ப்யூட்டர்ல அடிச்சுப் பாத்தேன். திருட்டுப் பட்டியல்ல வரல. என்ன பண்றது? அவன் கையிலயே திருப்பிக் குடுத்து, பத்திரமா போப்பான்னு அனுப்பி வெச்சேன்."

வெண்டல் மனசுக்குள் நாளைக் கணக்குப் போட்டார். செவ்வாய்க்குப் பிறகு புதன். புதனுக்குப் பிறகு வியாழன். இரண்டு நாள்.

மறுநாள் அவர் ஆஸ்பத்திரிக்குப் போனார். சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் போனார். நேடின் இடது கையால் தயிரைக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"வா, கண்ணு. நாஷ்வில்லுக்குப் போறியாமே. நல்லா நாக்கப் புடுங்கற மாதிரி கேளு. எவனோ திருடினதுக்கு நம்மள எதுக்குப் பூட்டச் சொல்றாங்க? எங்கிட்டயும் ஒண்ணு இருக்கு, வீட்டுல. நான் உன் பக்கம்தான்."

 அவள் கையிலிருந்த கரண்டி நழுவிக் கீழே விழுந்தது. வெண்டல் குனிந்து எடுத்துக் கழுவிக் கொடுத்துவிட்டு, வந்த விஷயத்தைச் சொல்லாமலே திரும்பிவிட்டார்.

வியாழக்கிழமை விசாரணை அறையில் ஒவ்வொருவருக்கும் இரண்டு நிமிஷம். பின் வரிசையில் ராய்ஸும் சங்கத்து ஆட்கள் இருபது பேரும் உட்கார்ந்திருந்தார்கள். வெண்டல் மைக்கின் முன்னால் நின்று சட்டைப்பையிலிருந்த தாளை எடுத்தார். முதல் வரியைப் பார்த்தார். மடித்து மறுபடி உள்ளே வைத்தார்.

"என் பேர் வெண்டல் ஸ்ட்ரவுட். இந்த மசோதாவை எதிர்த்துப் பேச வந்தேன். போன வாரம் செவ்வாய்க்கிழமை என் துப்பாக்கி, பூட்டாத டிரக்குல இருந்து திருடு போச்சு. இங்க வந்து பேசணும்கிறதால அதை மறைச்சேன். வியாழக்கிழமை போலீஸ் அதே துப்பாக்கியைக் கையில எடுத்துப் பாத்து, யாரும் தேடலைன்னு திருப்பிக் குடுத்திருக்கு. சனிக்கிழமை அதால ஒரு பொம்பளையச் சுட்டுட்டாங்க. திங்கட்கிழமை போலீஸ்கிட்டயும் பொய் சொன்னேன். அதையும் திருத்திக் குடுக்கப் போறேன்."

குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்படின்னா நீங்க மசோதாவை ஆதரிக்கிறீங்களா, எதிர்க்கிறீங்களா?"

"என் துப்பாக்கியை யாரும் எடுத்துக்கக் கூடாது. அதுல மாத்தமில்ல. ஆனா பூட்டி வைன்னு சொல்றது அதை எடுத்துக்கறது இல்ல. இதை இத்தனை வருஷம் ஒண்ணாவே நெனச்சுட்டேன்."

மணி அடித்தது. யாரும் கைதட்டவில்லை. மாலையில் மசோதா ஆறுக்கு மூன்று என்று குழுவிலேயே தோற்றுப்போனது. வரும்போது ஒரே வண்டியில் வந்த ராய்ஸ் திரும்பும்போது வேறு வண்டியில் ஏறிக்கொண்டான். ஏறுமுன் மட்டும் சொன்னான்: "நீ வீட்டுலயே இருந்திருக்கலாம்."

வெண்டல் நேராக லைலிடம் போய் வாக்குமூலத்தைத் திருத்தி எழுதிக் கொடுத்தார். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனார். நேடினின் அறையில் தொலைக்காட்சி அணைந்திருந்தது. அவள் செய்தியைப் பார்த்துவிட்டாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. உட்காரச் சொல்லவில்லை. கண்ணு என்றும் கூப்பிடவில்லை.

"செவ்வாய்க்கிழமை வந்தியே, கரண்டியைக் கழுவிக் குடுத்தியே. அப்பவே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"மன்னிப்புக் கேக்க வந்தியா?"

"கேக்கற யோக்யதை இல்ல. முகத்தப் பாத்துச் சொல்லணும்னு வந்தேன்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெண்டல் நின்றுகொண்டே இருந்தார்.

"சுட்டவன் மேல எனக்கு ஆத்திரம். ஆனா அவன் என்னை யாருன்னு தெரியாமச் சுட்டான். நீ என்னைத் தெரிஞ்சவன்," என்றாள் அவள். "அந்த மசோதாவும் தோத்துப் போச்சாமே. அதனால இப்ப நான் சொல்றதை எந்தச் சட்டமும் உன்னைக் கேக்க வெக்காது. நீயாத்தான் கேக்கணும். துப்பாக்கி வெச்சுக்கறது உன் உரிமை, வெண்டல். அதை நான் இன்னைக்கும் சொல்வேன். ஆனா அது உன் கையை விட்டுப் போச்சுன்னா, போச்சுன்னு தெரிஞ்சுக்கறது ஊர்ல இருக்கற எல்லாரோட உரிமை. உன் மானத்தைக் காப்பாத்த அதை மறைச்சே. அதுக்கு என் கை போச்சு. போய் உங்க சங்கத்துல ஒவ்வொருத்தன்கிட்டயும் இதைச் சொல்லு."