மூலை வெட்டிய தகடு

வரைபடம் பார்க்கத் தெரியாதவன்கூடத் தப்பாகப் பொருத்த முடியாத ஒரு தகட்டை வரைந்துவிட்டதாக 2009இல் நான் தலைகால் புரியாமல் ஆடினேன். டிப்ளமோ முடித்துவிட்டு, திண்டிவனத்தில் சீனுவாசன் சாரின் இரும்புக் கூரை போடும் பட்டறையில் டிராயிங் போட்டுக்கொண்டிருந்தேன். தம்பி ஜூட் அங்கேயே வெல்டர். அவனைச் சேர்த்துவிட்டதும் நான்தான்.

கண்டாச்சிபுரத்தில் வேர்க்கடலை மூட்டை அடுக்கும் ஒரு மல்லாட்டை குடோனுக்குக் கூரை போடும் வேலை வந்தது. பதினாறு கான்கிரீட் தூண்கள். ஒவ்வொரு தூணின் தலையிலும் நான்கு போல்ட்டுகள் நீட்டிக்கொண்டிருக்கும். அதில் ஒரு தகட்டைச் செருகி, அதன்மேல் இரும்புச் சட்டத்தை உட்கார வைக்க வேண்டும். வழக்கமாகத் தூணுக்குத் தூண் தகட்டின் அளவு மாறும். மேலே ஏறிய பிறகு எது எங்கே என்று தேடியே பாதிப் பொழுது போய்விடும். நான் பதினாறையும் ஒரே தகடாக்கினேன். ஒரே அச்சில் வைத்து ஓட்டை போடலாம், எதை எடுத்தாலும் எந்தத் தூணிலும் உட்காரும்.

ஒரே ஒரு சிக்கல் இருந்தது. வெளிப்பக்கம் மழைத்தண்ணீர்க் குழாய் இறங்கியதால் அந்தப் பக்கத்து இரண்டு போல்ட்டுகளும் அரை விரல் அளவு நெருங்கி நின்றன. பார்த்தால் தெரியாது. தகட்டைத் திருப்பிப் போட்டால் இரண்டு போல்ட்டு நுழையும், இரண்டு நுழையாது. அதற்காகத்தான் தகட்டின் ஒரு மூலையைச் சாய்வாக வெட்டச் சொன்னேன். தூணின் தலையிலும் அதே மூலையைச் சரித்து வார்க்க வைத்தேன். வெட்டுக்கு நேராக வெட்டு வந்தால் சரி. யாரும் யாருக்கும் எதையும் விளக்க வேண்டாம். அதனால் நானும் விளக்கவில்லை. டிராயிங்கின் ஓரத்தில் ஒரு வரி எழுதியதோடு சரி. எங்கள் பட்டறையில் டிராயிங்கின்மேல் டீ கிளாஸ் வைப்பார்கள், அதைப் படிக்க மாட்டார்கள். அது எனக்குத் தெரியாதா? தெரியும். திமிர்.

தகரம் ஏற்றிய அன்று காற்று கொஞ்சம் பலமாக அடித்தது. ஒரு சட்டம் தூணிலிருந்து நழுவியது. அதன்மேல் உட்கார்ந்து தகரம் முடுக்கிக்கொண்டிருந்த ஜூட் இருபதடி கீழே விழுந்தான்.

விழுப்புரம் ஆஸ்பத்திரியில் அவனை உள்ளே கொண்டுபோனதும் நான் பஸ் பிடித்து குடோனுக்குப் போனேன். கோபத்தில் அழுகைகூட வரவில்லை. கீழே கிடந்த தகட்டில் இரண்டு ஓட்டைகள் கேஸ் கட்டிங் தீயில் வெந்து கிழிந்திருந்தன.

மேலே வேலையைப் பார்த்துக்கொண்ட ஃபிட்டர் தேவநாதன் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். "மூணு தூண்ல ரெண்டு ஓட்டை சேரலம்மா. கேஸ் வச்சு பெருசாக்கிக்கினோம். எப்பவும் பண்றதுதானே."

எப்பவும் பண்றதுதான். நான் தகட்டின் மூலையைப் பார்த்தேன். நான்கும் முழு மூலைகள். வெட்டவே இல்லை! இனி பட்டறையாவது ஓனராவது, கோர்ட் வரைக்கும் போவது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

சீனுவாசன் சார் ஆஸ்பத்திரி வாசலில் காகிதத்தோடு காத்திருந்தார். "டிராயிங்ல பிசகுன்னு ஒரு கையெழுத்து போட்டுக் குடும்மா. தம்பி செலவை நான் பாத்துக்கறேன்."

"செத்தாலும் போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

ஜூட்டுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. இனி வராது என்று டாக்டர் என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார். என்னைப் பார்த்ததும் அவன் சிரிக்கப் பார்த்தான்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லவே இல்லக்கா. பிளேட்டுல ஒரு மூலைய நீ தப்பா குறைச்சுட்ட போல. குடோன் ஓனர் பட்டறைக்கு வந்து பாத்துட்டு ஒரே பேஜாரு. மனைக்கே ஈசானி மூலை வெட்டுப்பட்டா ஆவாது, தகட்டுக்கு மட்டும் ஆவுமா, யாரு போட்ட டிராயிங்குன்னு கத்திக்கினு இருந்தாரு. நான்தான் பதினாறையும் ஜல்தியா வெல்டு வச்சு அடைச்சு, கிரைண்டிங் பண்ணி, ரெட் ஆக்சைடு பெயிண்ட் அடிச்சுட்டேன். தடவிப் பாத்தாகூடத் தெரியாது. உன் பேரு கெடக்கூடாதுன்னுதான்."

உண்மைதான். குடோனில் நானும் தடவிப் பார்த்திருந்தேன். எனக்கே தெரியவில்லை.

"நல்லா பண்ணடா" என்றேன். வாயைத் திறந்து அதைச் சொல்வதற்குள் உயிர் போய் வந்தது. கோர்ட்டுக்குப் போனால் விசாரணை வரும். விசாரணை வந்தால் தகட்டை அடைத்தது யார் என்று கேட்பார்கள். வெளியே வந்து சீனுவாசன் சாரின் பேனாவை வாங்கி, அவர் காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். அவர் மூன்று மாதம் செலவைப் பார்த்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு இந்தப் பக்கம் எந்தப் பட்டறையும் எனக்கு டிராயிங் தரவில்லை. ஐந்து வருடமாக ஜெராக்ஸ் கடையில் நிற்கிறேன். சாயங்காலம் வந்து ஜூட்டைப் புரட்டிப் படுக்க வைத்து, முதுகுப் புண்ணுக்கு மருந்து போடுகிறேன்.

போன வாரம் மருந்து போடும்போது கேட்டான். "அந்தத் தகட்டுல இன்னாக்கா தப்பு?"

"குழாயை நகர்த்தியிருக்கணும்டா. நாலு போல்ட்டும் சமமா நின்னிருந்தா எப்படிப் போட்டாலும் பொருந்தியிருக்கும்."

அது பொய்யும் இல்லை. அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"விடுக்கா, நீ தெரிஞ்சா பண்ண? உன்னோட ஒரு தப்பத்தான் என்னால அடைக்க முடிஞ்சுது."