வராதவர்களின் கால்கள்

1

இந்தக் கதை என் இடது காலில் தொடங்கியது. லஸ் முனையில் ஒரு ஷேர் ஆட்டோ என்னை இடித்துத் தள்ளியதில் முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாகப் போனது. தகடு வைத்துப் பூட்டியவர் டாக்டர் ஸ்ரீரஞ்சனி, விபத்துக் காயங்களுக்கான அறுவை நிபுணர், மருத்துவ மாணவர்களுக்குப் பாடமும் எடுப்பவர். ஆறாவது வாரம் ஜம்மென்று நடந்துபோய் அவர் முன் நின்றேன். "என் ஆய்வுல நீங்க நல்லா ஆனவங்க பக்கம்" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இவரைக் கதையாக எழுதியே தீருவது என்று முடிவு செய்தேன்.

2

முதல் தொடக்கம்: "ரத்தம் தோய்ந்த கையுறையுடன் ஸ்ரீரஞ்சனி வானத்தை நோக்கி…" (அடித்துவிட்டேன். அறுவை அரங்கில் ஏது வானம்?)

அடுத்தது: "சிறு வயதிலேயே ஏழைகள்மீது அவருக்கு…" (அவரிடமே படித்துக் காட்டினேன். "அதெல்லாம் ஒண்ணும் கிடையாது. எனக்கு எலும்பு பிடிக்கும், அவ்வளவுதான்" என்றார். இதுவும் போச்சு.)

சரி, நேரே விஷயத்துக்கு வருகிறேன். அறுவை முடிந்ததும் வார்டில் வைத்து நடை பழக்குவது வழக்கம். அதற்குப் பதிலாகச் சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பி, அங்கேயே பயிற்சி செய்யச் சொன்னால் கால் தேறுமா? இதுதான் ஆய்வு. பிரமாதமாகத் தேறியது. தி. நகரில் நடக்கவிருந்த மருத்துவர்கள் மாநாட்டில் வாசித்துவிட்டால் இனி மாணவர்களுக்கு அதுவே பாடம்.

ஒரே ஒரு சங்கடம். பரிசோதனைக்குத் திரும்பி வந்தவர்களின் கால்களை மட்டும்தான் பார்த்திருந்தார்கள். வராதவர்களுக்கு ஃபோன் போட்டார்கள், யாரும் எடுக்கவில்லை, 'தொடர்பு இல்லை' என்று ஒதுக்கிவிட்டார்கள். ஊரில் எல்லா ஆய்விலும் நடப்பதுதான். ஆனால் ஒதுக்கப்பட்டவர்களில் பலர் அடையாற்றங்கரைக் குடிசைக்காரர்கள். அந்தக் குடிசைகளைக் காலி செய்து, ஆட்களை ஊருக்கு வெளியே அடுக்குமாடிகளுக்கு அனுப்பியிருந்தார்கள். ஸ்ரீரஞ்சனிக்கு அங்கேதான் உறுத்தியது.

3

வகுப்பு நாளன்று மாணவர்களை வேனில் ஏற்றிக்கொண்டு அந்த அடுக்குமாடிகளுக்குக் கிளம்பிவிட்டார். "இன்னிக்குப் பாடம் அங்கே."

வராதவர்களில் ஒருவர் பொன்மணி; முன்பு பெசன்ட் நகரில் மீன் விற்றுக்கொண்டிருந்தவர், இப்போது நாலாவது மாடியில் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். முழங்கால் மடங்கவே இல்லை.

"பயிற்சி செஞ்சீங்களாம்மா?" என்று கேட்டான் பிரணவ் என்ற மாணவன்.

"செவுத்தப் புட்ச்சிக்கினு டெய்லி செஞ்சேன் நைனா. அப்பால வீங்கிக்கிச்சு."

"வீங்கினா உடனே வரச் சொன்னோமே?"

"எப்டி வர்றது? லிஃப்ட் செத்துக் கெடக்குது. நாலு மாடி யாரு தூக்கிக்கினு எறக்குவாங்க? போன் பண்ணீங்களாம், சிம்மு போயி எவ்ளோ நாளாச்சு! ஒரு தபா ஏறி வந்து பாத்தா இன்னா?"*

ஸ்ரீரஞ்சனிக்கு வெட்கமாக இருந்தது. கூடவே பொல்லாத கோபம். பொன்மணியை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, மாணவர்களை ஆளுக்கொரு நாற்காலிக் காலைப் பிடிக்கச் சொன்னார். நிறுத்தி நிறுத்தி இறக்கி வேனில் ஏற்றினார்கள்.

* இங்கே பொன்மணி அழுவதாக ஒரு பத்தி எழுதி வைத்திருந்தேன். அவர் அழவில்லை, கத்தினார். பத்தியைத் தூக்கிவிட்டேன்.

4

துறைத் தலைவர் கதிரேசன் கெட்டவர் இல்லை. (கெட்டவராக எழுதியிருந்தால் எனக்கு வேலை சுலபம்.)

"வராதவங்களையும் தோல்வின்னு சேர்த்தா உன் ஆய்வே விழுந்துடும்மா. எத்தனை வருஷ உழைப்பு!"

"விழட்டும் சார். இதைப் படிச்சிட்டு வர்ற பசங்க இன்னும் எத்தனை பேரை மாடிக்கு அனுப்பிட்டு மறப்பாங்க?"

"அப்படின்னா நீ வாசிக்க வேண்டாம். நானே வாசிச்சுக்கறேன்."

"வாசிங்க. நான் வருவேன்."

5

இரண்டு முடிவுகள் தயாராக இருந்தன. ஒன்றில் கதிரேசன் மனம் மாறுகிறார், அரங்கமே எழுந்து கைதட்டுகிறது. "சினிமாவா எடுக்கறீங்க?" என்றார் ஸ்ரீரஞ்சனி. மற்றதில் ஸ்ரீரஞ்சனி பணிந்துபோய்ப் பதவி உயர்வு பெறுகிறார். "அதை எழுதினீங்கன்னா உங்க கால் தகட்டைக் கழட்டிடுவேன்."

பிறகு ஒரு நாள் அவரே ஃபோன் செய்தார். "ஒண்ணு கேக்க மறந்துட்டேன். உங்க வீடு எந்த மாடி?"

"தரைத்தளம். வாசல்லயே ஆட்டோ நிக்கும்."

"அதான்" என்று வைத்துவிட்டார். என் பெருமை அன்றோடு போனது.

6

தி. நகர் அரங்கம். கதிரேசன் வாசித்து முடித்து, "கேள்வி உண்டா?" என்கிறார். கடைசி வரிசையில் ஸ்ரீரஞ்சனி எழுகிறார். பின்னாலேயே அவருடைய மாணவர்களும் எழுகிறார்கள். பொன்மணி சக்கர நாற்காலியில் இருக்கிறார்.

"ஒரே கேள்விதான் சார். வராதவங்க எல்லாம் எந்த மாடி?"

இங்கே நிறுத்துகிறேன். கைதட்டல் விழுந்ததா, மைக்கைப் பிடுங்கினார்களா என்பதை எழுதமாட்டேன். பொன்மணி ஒருத்தரைத்தான் இறக்கியிருக்கிறோம். மற்றவர்கள் மேலேதான் இருக்கிறார்கள். முடிவு வேண்டுமென்றால் நீங்களே ஏறிப்போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். லிஃப்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். படிக்கட்டு வலது பக்கம்.