வலது மூலையில் ஒரு பின்

...வலது மூலையில்தான், சந்தேகமே இல்லை, காலையில் செய்தித்தாளில் அந்த மின்னஞ்சல் நகல்களின் படத்தைப் பார்த்ததிலிருந்து அந்த ஒரு ஸ்டேப்ளர் பின்தான் கண்ணுக்குள் நிற்கிறது, அமைச்சர் யாரோடு என்ன பேரம் பேசினார் என்று ஊரே வாய் பிளந்து படிக்க, நான் மட்டும் தாளின் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தேன், திரையில் படிக்கப் பிடிக்காத அமைச்சருக்காக ஒவ்வொன்றையும் அச்செடுத்துப் பின் போட்டு வைத்த அலுவலக உதவியாளன் அவன்தானே, உலகமே இடது மூலையில் போட, இடதுகைக்காரன் இவன் மட்டும் வலதில் போடுவான், அமைச்சரின் உரைத் தாள்களை என் மேசைக்குக் கொண்டுவரும்போது, புரட்டவே வரலடா என்று நான் சிடுசிடுத்தால், "என் கை சரியாத்தான் இருக்கு, உன் கைதான் தப்பு" என்பான்... எட்டு மாதமாகிறது, சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டு, கைபேசி எண்ணையும் மாற்றிக்கொண்டு போய்.

இது என் பத்து நிமிட முறை, சட்டமன்றத்தின் நடுவே நிருபர்களான நாங்கள் மாறி மாறி உட்காரும் சின்ன மேசை, யார் பேசினாலும் சுருக்கெழுத்தில் பிடித்தாக வேண்டும், வெளியே கொடுத்தவனை விசாரித்தே ஆகணும் என்கிறார் அமைச்சர், "திருடன்னு கூவினவனையா பிடிப்பீங்க? அதை எழுதினது நீங்கதானா, மொதல்ல அதச் சொல்லுங்க!" என்று எதிர்வரிசை அம்மா எழுகிறார், உட்காரும்மா, நீங்க உட்காருங்கய்யா, மேசைகள் அதிர்கின்றன, என் பென்சில் ஓடுகிறது... மூன்று மணிக்கு விசாரணை அதிகாரி எங்கள் மாடிக்கு வருவார், நகல்களைக் காட்டி ஏதாவது தெரிகிறதா என்பார், தெரியலைங்க ஐயா, அவ்வளவுதான், அவனுக்கு ஒன்றும் ஆகாது, எந்த ஊரில் எந்த மாடியறையில் இருக்கிறானோ அங்கேயே இருப்பான், எனக்குத் தெரியாமலே இருப்பான்... இவ்வளவு கவனமாக எடுத்தவனுக்கு அந்த மூலை மட்டும் எப்படி மறந்தது, மறந்ததா, ஒருத்திக்காவது தெரியட்டும் என்று விட்டானா?

"எந்திரிங்கக்கா, என் முறை," என்று அடுத்தவள் தோளைத் தொடுகிறாள். அறைக்கு வந்து தட்டச்சு செய்கிறேன், குறிப்பேட்டில் அமைச்சரின் கடைசி வரி, அவன் எங்க இருந்தாலும் தேடிப் பிடிச்சு இங்க கொண்டுவந்து நிறுத்துவோம், அதன் கீழே மறுபடியும் அதே வரி, கொஞ்சம் அழுத்தமான பென்சிலில், அவன் எங்க இருந்தாலும்... இருபது வருடத்தில் ஒரு சொல் கூட்டி எழுதியதில்லை நான், அழிப்பானைக் கையில் எடுத்தும் அழிக்காமல் அப்படியே உட்கார்ந்திருக்கிறேன், சுவர்க் கடிகாரத்தில் மூன்றாகப் பத்து நிமிடம் இருக்கிறது, அமைச்சர் அதை ஒருமுறைதான் சொன்னார்.